நாலாவது மாடியின் நீலக்கோடு

சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு ஒப்பந்தக்காரர்களை லிஃப்டுக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு, "ரெண்டு பேரும் ராசியானாத்தான் கதவைத் திறப்பேன்" என்று மேற்பார்வையாளர் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். சொன்னவர் சிமெண்ட் லாரி ஓட்டுநர். அவருக்குச் சொன்னவர் கம்பி கட்டுகிறவரின் மைத்துனர். சம்பவம் நடந்த அன்று மைத்துனர் லீவு.

நடந்தது அவ்வளவு வீரமானது இல்லை. பூசின சுவரை உடைத்தது யார் என்று பிளம்பரும் பூச்சுக்காரரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நேரில் பார்க்கலாம் என்று நம்மவரையும் சேர்த்து மூன்று பேருமாக லிஃப்டில் ஏறினார்கள். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மின்சாரம் போய்விட்டது. அடைத்த இடம், இரண்டு பக்கமும் இரண்டு பெருங்குரல். நம்மவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மூச்சு வாங்குதுப்பா." பிளம்பர் கட்டட வரைபடத்தை மடித்து விசிறினார். பூச்சுக்காரர் பாட்டிலைத் திறந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். நாற்பது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தபோது இருவரும் அவரை ஆளுக்கொரு கையாகத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உடைக்க வேண்டியதை ஒருவர் உடைப்பது, பூச வேண்டியதை மற்றவர் பூசுவது என்று அதற்குள் பேசி முடித்திருந்தார்கள்.

கட்டிவிட்ட கதையை அவர் இன்றுவரை மறுத்ததில்லை. மறுத்தால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் குரல் உயரும். குரல் உயர்ந்தால் அவர் மாத்திரை தேட வேண்டியிருக்கும்.

கட்டட வேலையிடத்தில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். வயது ஐம்பத்து நான்கு. ஒடிசலான உடம்பு, இரண்டு அளவு பெரிய சட்டை. சட்டைப்பையில் மூன்று பொருள்கள் எப்போதும் இருக்கும்: ஒரு நீலப் பென்சில், வயிற்று எரிச்சலுக்கான மாத்திரை அட்டை, உள்ளங்கை நீளத்தில் ஒரு ரசமட்டம். பச்சைத் திரவத்தில் குமிழி மிதக்கும் அந்தச் சின்னக் கருவியை, எங்கே உட்கார்ந்தாலும் முதலில் எடுத்து எதிரில் வைப்பார். சாப்பாட்டு மேசையில் வைப்பார். டீக்கடை பெஞ்சில் வைப்பார். ஒருமுறை வங்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க கவுண்டர் இடது பக்கம் கொஞ்சம் சாயுது" என்றிருக்கிறார். "டோக்கன் நம்பர் சொல்லுங்க சார்" என்றாராம் அந்த அம்மாள். குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவில் போய் நிற்கும்போது அவருடைய தோள்பட்டை ஒரு விரற்கடை கீழே இறங்கும். அதைக் கவனித்தவர் அவர் மனைவி ஒருவர்தான்.

கம்பெனிக் கணக்கில் அவர் மேற்பார்வையாளர். செங்கல் வருகிறதா, தண்ணீர் இருக்கிறதா, யார் எந்த மாடியில் வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. தகராறைத் தீர்ப்பது அவர் வேலையில் சேர்ந்ததே இல்லை. அதற்கு ஒப்பந்தப் பத்திரத்தில் தனியாகப் பதினோரு பக்கம் இருக்கிறது. யார் யாருக்கு எத்தனை நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், எத்தனை பேர் கொண்ட குழு, அந்தக் குழுவுக்கும் மேலே எந்தக் குழு என்று எல்லாம் உண்டு. அந்தப் பக்கங்களில் இன்னும் அச்சு மை வாசனை போகவில்லை. தகராறு என்றால் ஆட்கள் படியேறி இவரிடம்தான் வருகிறார்கள்.

வந்தவர்களை அவர் உட்கார வைப்பதில்லை. "மேசைன்னு ஒண்ணு நடுவுல வந்துட்டா ஆளுக்கொரு பக்கம் ஆயிடுது. அப்புறம் மேசையைச் சுத்தி வரவே அரை நாள் போயிடும்" என்பார். தகராறு நடந்த இடத்துக்கே இருவரையும் அழைத்துப் போய், அளக்கும் டேப்பை எடுத்து, ஒரு முனையை ஒருவரிடமும் மறு முனையை இன்னொருவரிடமும் கொடுத்துவிடுவார். டேப் பிடித்தவர்கள் பேசாமல் இருக்க முடியாது. 'இழு', 'விடு', 'தொய்யுது', 'இன்னும் கொஞ்சம் மேல' என்று ஏதாவது சொல்லியாக வேண்டும். மூன்று நாளாக முகம் பார்க்காதவர்கள்கூட அந்த நாலு வார்த்தையில் ஆரம்பித்துவிடுவார்கள்.

எந்த முனையை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் அவர் கைவண்ணம். கத்துகிற ஆளிடம் கொக்கியுள்ள நுனியைக் கொடுத்து மூலையில் குனிந்து அழுத்திப் பிடிக்கச் சொல்வார். குனிந்துகொண்டு யாராலும் அதிக நேரம் கத்த முடியாது. வாயே திறக்காத அழுத்தக்காரரிடம் டேப்பின் உடலைக் கொடுத்து எண்ணை வாசிக்கச் சொல்வார். தன் வாயால் வாசித்த எண்ணை அவர் பிறகு மறுக்க மாட்டார். எலக்ட்ரீஷியன் ஒருவர் எதைக் கேட்டாலும் ஜோக் அடித்தே நழுவிவிடுவார்; அவருக்கு டார்ச் பிடிக்கிற வேலை. "வெளிச்சம் ஆடுது பாருங்க" என்று இரண்டு தரம் சொன்னால் போதும், ஜோக் நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போய் எதையும் செய்யாத ஆள் வந்தால் மட்டும் இவருக்குக் கொஞ்சம் தடுமாற்றம். இவரே பாதி அந்த ஜாதகம்தான்.

இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்புவார். அப்பா வேலை முடிந்து வரும்போது, செருப்பைக் கழற்றி விடுகிற சத்தத்தை வைத்தே அன்றைய சாயங்காலம் எப்படிப் போகும் என்று கணித்த பிள்ளை அவர். ஆட்களின் சுபாவத்தை வாசிக்கும் கலை அப்படி வந்தது. பார்ப்பவர்கள் பொறுமை என்கிறார்கள். அவர் மனைவி அதைப் பயம் என்கிறார். "ரெண்டும் ஒரே சட்டையத்தான் போட்டுக்கிட்டு நிக்குது, எனக்கு மட்டும் அடையாளம் தெரியும்."

போன் விஷயத்தில் அது எல்லாருக்குமே தெரிந்துவிடும். மேலிடத்தில் யாருக்காவது பேச வேண்டும் என்றால் காலையிலிருந்து தள்ளிப்போடுவார். ஒருவழியாக எண்ணை அழுத்தி மூன்று தரம் மணி அடிக்கும்வரை காதில் வைத்திருப்பார். மூன்றாவது மணி முடிந்ததும் வைத்துவிடுவார். "எடுக்கலப்பா. நான் பண்ணிட்டேன், அவ்வளவுதான்" என்று சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இவர் போன் பண்றது கதவைத் தட்டிட்டு ஓடிப்போற மாதிரி" என்பது மனைவியின் வர்ணனை.

அடுத்து அவருடைய டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்னால் அதன் நுனியில் இரும்புப் பலகை ஒன்று விழுந்து, கொக்கியோடு சேர்த்து முதல் இரண்டு சென்டிமீட்டர் துண்டாகிப் போனது. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே தூக்கிப் போட்டிருப்பார்கள். இவர் அதை விடவில்லை. எதை அளந்து குறித்தாலும் இரண்டைக் கூட்டிக்கொள்வார். நூறு வேண்டுமென்றால் நூற்றிரண்டில் குறி வைப்பார், சரியாக நூறு வந்துவிடும். மனசு கணக்குப் போடுவதற்கு முன்னால் கை கூட்டிவிடும். வேலையிடத்தில் எல்லாருக்கும் தெரியும்: "அண்ணன் டேப்புன்னா ரெண்டு கூட்டு."

நான்கு மாதத்துக்கு முன்பு பிறந்தநாளுக்கு மகள் புது டேப் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். மஞ்சள் நிறம், கைக்கு அடக்கமாக ரப்பர் பிடி, நுனியில் பளபளவென்று கொக்கி. "அந்த மூளியை இன்னைக்கே தூக்கிப் போடுங்கப்பா." அவள் மனம் கோணக்கூடாது என்று பழையதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் புதியதை இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த வாரமே வீட்டு ஜன்னலை அளந்து திரைச்சீலைக்குத் துணி வெட்டிக் கொடுத்தார். தைத்து மாட்டினால் தரையில் புரண்டது. "இது திரைச்சீலையா, துடைப்பமா?" என்று கேட்டு, மனைவி கீழே மடித்துத் தைத்துக்கொண்டார். இருவரும் சிரித்தார்கள். விஷயம் அதோடு போயிற்று.

அதே வாரத்தில்தான் அவர் நாலாவது மாடியில் நீலக்கோடு போட்டிருந்தார்.

ஒவ்வொரு மாடிச் சுவரிலும் அப்படி ஒரு கோடு உண்டு. பதிக்கப்போகும் தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் அது ஓடும். கீழ்மாடிக் கோட்டிலிருந்து படிக்கட்டுச் சந்து வழியாக அளந்து மேல்மாடிக்குக் கொண்டுபோவார். கோடு முடியும் இடத்தில் சின்னதாக ஒரு சரி குறியும் தேதியும் போடுவார். அதற்குப் பிறகு அந்த மாடியில் எல்லாருக்கும் அந்தக் கோடுதான் வேதம். டைல்ஸ் போடுகிறவர் அதிலிருந்து ஒரு மீட்டர் கீழே அளந்து தரையைப் பதிப்பார்.

கதவு போட வந்த தச்சர் மட்டும் விதிவிலக்கு. அவர் அதிகம் பேசாத மனிதர், காதில் பென்சில், கையில் நோட்டு. "சுவத்துல கிறுக்கினதை நம்ப மாட்டேன். இரும்பை நம்புவேன்" என்பது அவர் பேசுகிற இரண்டு மூன்று வாக்கியங்களில் ஒன்று. அவர் லிஃப்ட் வாசலில் பதித்திருந்த இரும்புப் படியிலிருந்து தண்ணீர் நிரப்பிய குழாயை ஓட்டி மட்டம் எடுத்து, கதவுச் சட்டங்களை நிறுத்திவிட்டார்.

டைல்ஸ் போட்டு முடித்த பிறகு கதவுகளை மாட்டினால் ஒன்றும் திறக்கவில்லை. நாலாவது மாடியில் இருபத்தெட்டுக் கதவுகள். இருபத்தெட்டும் தரையில் முட்டிக்கொண்டு நின்றன. தீ தாங்கும் வாசல் கதவுகளை அடியில் சீவ முடியாது. லிஃப்டிலிருந்து இறங்குகிற இடத்தில் வேறு தடுக்கி விழுகிற மாதிரி ஒரு மேடு.

டைல்ஸ் மேஸ்திரிக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். கீழே நின்று பேசினால் மொட்டைமாடியில் கேட்கும். "ஊரே கோட்டைப் பார்த்து வேலை செய்யுது, இந்த மனுஷனுக்கு மட்டும் என்ன தனி வழி? நான் ஒரு மயிரிழை தப்பினேன்னு காட்டட்டும், மீசையை எடுத்துடறேன்!" தச்சர் நோட்டைப் புரட்டி, தான் அளந்த தேதியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு மூடிக்கொண்டார். இப்படியே மூன்று நாள். மேஸ்திரியின் குரல் ஏற ஏற, தச்சரின் மௌனம் இறுகிற்று. நடுவில் ரசமட்டம் ஒரு அட்டை மாத்திரையைத் தீர்த்தார்.

நான்காம் நாள் காலையில் கட்டட உரிமையாளர் தரப்பு இன்ஜினியர் அம்மா வந்தார். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. மேட்டில் காலை வைத்துப் பார்த்தார்.

"சார், எனக்குச் சமாதானம் வேணாம். ஒரு பேர் வேணும். யார் தப்போ அவங்க இந்த இடத்தை விட்டுப் போகணும், அடுத்த கட்டடத்துலயும் கிடையாது. இரும்புப் படி சரியாத்தான் இருக்கும், லிஃப்ட் கம்பெனி சான்றிதழ் இருக்கு. அப்ப டைல்ஸ்தானே?"

"அளந்து பார்த்துட்டுச் சொல்றேன்மா."

"நாலு மணிக்குள்ள போன் பண்ணுங்க. எனக்கு மேல இருக்கிறவர் எங்கிட்ட கேப்பார்."

மேஸ்திரிக்குக் கீழே பதினோரு பேர். அவரை அனுப்பினால் பன்னிரண்டு பேர் படுக்கையைச் சுருட்ட வேண்டும். அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவர் கத்தவில்லை. அதுதான் ரசமட்டத்துக்கு இன்னும் பயமாக இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் இருவரையும் நாலாவது மாடிக்கு அழைத்துப் போனார். இடுப்பிலிருந்து மஞ்சள் டேப்பை உருவினார். வழக்கப்படி நுனி மேஸ்திரியிடம், உடல் தச்சரிடம்.

"இரும்புப் படியில வச்சு அழுத்திப் பிடிங்க மேஸ்திரி. நீங்க கோட்டுக்கு நேரா என்ன காட்டுதுன்னு வாசிங்க."

மேஸ்திரி மண்டி போட்டார். தச்சர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டார்.

"நூத்திரெண்டு."

"கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க!"

தச்சர் துடைத்துவிட்டுப் பார்த்தார். "நூத்திரெண்டு."

"இப்ப டைல்ஸ்ல வைக்கிறேன். படிங்க."

"நூறு."

"ஆங்! நூறு! கேட்டீங்களா அண்ணே? நூறுன்னா நூறு! கோட்டுலேருந்து ஒரு மீட்டர், ஒரு நூல் பிசகல!" மேஸ்திரி எழுந்து, முட்டியில் ஒட்டின தூசியைக்கூடத் தட்டாமல் நின்றார். தச்சர் தலையை அசைத்தார். தன் இரும்புக்கு அவர் சரி, தன் கோட்டுக்கு இவர் சரி. அப்படியென்றால் இரும்புக்கும் கோட்டுக்கும் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது?

ரசமட்டத்தின் கண்முன்னே ஒரு திரைச்சீலை தரையில் புரண்டது.

"படிக்கட்டுச் சந்துக்கு வாங்க" என்றார். மூன்றாவது மாடிக் கோட்டிலிருந்து நாலாவது மாடிக் கோடுவரை மூன்று மீட்டர் இருபது இருக்க வேண்டும். மேஸ்திரி கீழே ஓடிப் பிடித்தார். தச்சர் மேலே நின்று வாசித்தார். மூன்று மீட்டர் இருபத்திரண்டு.

மேஸ்திரி மூச்சிரைக்க ஏறி வந்தார். "கோடே ரெண்டு மேல இருக்கு! இந்தக் கோட்டை எந்தக் கபோதி..."

அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். கோட்டின் வாலில் நீலப் பென்சிலில் சின்னதாக ஒரு சரி குறி. பக்கத்தில் தேதி. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

மேஸ்திரிதான் முதலில் தொண்டையைச் செருமினார். அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு மெதுவாக ஒரு குரல் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். "அண்ணே... இந்த லிஃப்ட்காரன் படியை ரெண்டு இறக்கி வச்சிருப்பான். என்ன சொல்றீங்க?"

"இருக்கும்" என்றார் தச்சர். நான்கு நாளில் மேஸ்திரி சொன்ன எதற்கும் அவர் ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை.

"நீங்கதானே இரும்பை நம்பறவரு!"

"இரும்பை நம்புவேன். அதைப் பதிச்ச ஆளை எதுக்கு நம்பணும்?"

"கேளுங்க அண்ணே! அவங்க வேலை முடிஞ்சு போய் ரெண்டு வாரம் ஆச்சு. போனவங்க பேரைச் சொன்னா இங்க யாருக்கு என்ன? படிக்கட்டுல அளந்தது நாங்க ரெண்டு பேரு. நாங்க அளக்கவே இல்ல. என்னங்க?"

"எங்க அளந்தோம்?" என்றார் தச்சர்.

மேஸ்திரி தச்சரின் தோளில் கை போட்டிருந்தார். தச்சர் அதை எடுத்துவிடவும் இல்லை. ரசமட்டம் தன் வாழ்நாளில் செய்துவைத்த சமாதானங்களில் எதுவுமே இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை. யாரும் கத்தப் போவதில்லை. இன்ஜினியர் அம்மாவுக்கு ஒரு பெயர் கிடைத்துவிடும். பதினோரு பேரும் இருப்பார்கள். அவரும் இருப்பார். ஐம்பத்து நாலு வயதில், அடுத்த கட்டடத்துக்கு வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஒரு மேற்பார்வையாளரை எந்தக் கம்பெனி கூப்பிடும்?

சட்டைப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து லிஃப்டின் இரும்புப் படியில் வைத்தார். குமிழி ஒருமுறை அலைந்து நடுவில் போய் நின்றது. அந்தப் படியைப் பதித்த மனிதரை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. டீ வாங்கிக் கொடுத்தால் ஆறவிட்டுவிட்டு, மூன்றாவது தரமாக அளந்துகொண்டிருப்பார்.

"நோட்டை எடுங்க" என்றார் தச்சரிடம். "படியிலேருந்து கோடு நூத்திரெண்டு. சந்துல மூணு இருபத்திரெண்டு. கோடு போட்டது யாருன்னும் எழுதிக்குங்க."

தச்சர் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்தார். "முனை உடைஞ்சிருச்சு" என்றார். முனை ஊசி மாதிரி இருந்தது.

"அண்ணே, உங்களுக்கென்ன பைத்தியமா?" மேஸ்திரிக்கு மறுபடியும் குரல் ஏறியது. "தானா போற விஷயத்தை இழுத்து மடியில போட்டுக்கறீங்களே! அந்தம்மா உங்களை விடுமா? அண்ணிகிட்ட என்ன சொல்லுவீங்க?"

ரசமட்டம் நீலப் பென்சிலை எடுத்தார். பழைய கோட்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே, மஞ்சள் டேப்பை வைத்து, எதையும் கூட்டாமல் ஒரு குறி வைக்கப் போனார். கை கூட்டப் போனது. நிறுத்தி மறுபடி வைத்தார். குறிக்குப் பக்கத்தில் அன்றைய தேதி. அதன் பக்கத்தில் சரி குறி. பிறகு போனை எடுத்தார்.

மணி மூன்றே முக்கால். முதல் மணி அடித்தது. கூடத்தில் வெறும் சுவர்களும் திறக்காத கதவுகளுமாக இருந்ததில் அந்தச் சத்தம் மற்ற இருவருக்கும் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது மணி. அவருடைய இன்னொரு கை மாத்திரை அட்டையைத் தேடி, காலி அட்டையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. மூன்றாவது மணி அடித்து ஓய்ந்தது.

"அண்ணே, மூணு ஆச்சு" என்றார் மேஸ்திரி, கெஞ்சுகிற மாதிரி. "எடுக்கல பாருங்க. நீங்க பண்ணிட்டீங்க. அவ்வளவுதான்."

ரசமட்டம் வேர்த்துப்போன போனைச் சட்டையில் துடைத்து, வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டார். நாலாவது மணி அடித்தது.